ஓராண்டுப் பயணத்துக்கு ஓராண்டுத் திட்டம்: ஆப்பிரிக்கக் காட்டுக்குப் போன அமெரிக்க அதிபர்

1909 மார்ச் 4ஆம் தேதி தியடோர் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கினார். 19 நாள் கழித்து, மார்ச் 23ஆம் தேதி, நியூயார்க் துறைமுகத்தில் ஹம்பர்க் என்ற கப்பலில் ஏறினார். அப்போது அவருக்கு வயது 50. போன இடம் கிழக்கு ஆப்பிரிக்கா; போன காரியம் வேட்டை.

இன்று ஆப்பிரிக்க சஃபாரிக்குப் போக நினைப்பவர் பயண முகவரைப் பார்த்து முன்பணம் கட்டிவிட்டு விமானம் ஏறிவிடலாம். அன்று அப்படி இல்லை. கூடாரம், மாவு, மருந்து, தோட்டா, உப்பு, சுமக்கும் ஆள் என ஒவ்வொன்றையும் கடல் கடப்பதற்கு முன்பே எண்ணிப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். ரூஸ்வெல்ட் அந்தக் கணக்கைப் போட ஏறத்தாழ ஓராண்டு எடுத்துக்கொண்டார். நாட்டை ஆண்டுகொண்டே அதையும் செய்தார்.

அந்தக் கணக்கில் எவை சேர்ந்தன, எது விட்டுப்போனது என்று பார்த்தால் அந்த மனிதரின் வாழ்க்கையே நமக்குப் புரியும்.

மூச்சு வாங்கிய சிறுவன்

ரூஸ்வெல்ட் 1858 அக்டோபர் 27ஆம் தேதி நியூயார்க் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே கடுமையான ஆஸ்துமா. இரவில் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிய பிள்ளை அவர். வெளியே ஓடி விளையாட முடியாததால் புத்தகமே துணையானது. விலங்குகளைப் பற்றிய புத்தகங்கள் என்றால் கீழே வைக்க மாட்டார்.

ஏழெட்டு வயதில் ஒருநாள் கடைத்தெருவில் செத்துக் கிடந்த ஒரு சீல் விலங்கைப் பார்த்தார். மறுநாளும் போய் அதன் நீளத்தையும் சுற்றளவையும் அளந்து எழுதிக்கொண்டார். பிறகு அதன் மண்டையோடு அவர் கைக்கு வந்தது. அதை வைத்து வீட்டிலேயே ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1869இல் தொடங்கப்பட்டபோது அதை நிறுவியவர்களுள் ஒருவர் அவருடைய தந்தை. விலங்கின் தோலை உரித்துப் பதப்படுத்திப் பாடம் செய்யும் தொழிலைப் பையனுக்குக் கற்றுக்கொடுக்க, அதில் தேர்ந்த ஜான் பெல் என்ற முதியவர் அமர்த்தப்பட்டார்.

13 வயதில் முதல் துப்பாக்கி கைக்கு வந்தது. சுட்டது எதுவும் படவில்லை. கண் பார்வை மங்கல் என்பது அப்போதுதான் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி வந்த பிறகே இலையையும் பறவையையும் அவர் தெளிவாகப் பார்த்தார். 1872 - 1873 குளிர்காலத்தில் குடும்பத்தோடு எகிப்துக்குப் போய், நைல் நதியில் படகில் சென்றபடி பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்தார். அதே நைல் நதிக்கு 37 ஆண்டு கழித்து, அதன் தெற்குப் பக்கத்திலிருந்து, மீண்டும் வருவார்.

விலங்கியல் அறிஞராக வேண்டும் என்ற ஆசையோடுதான் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பாடம் முழுவதும் ஆய்வுக்கூடத்திலும் நுண்ணோக்கியிலும் இருந்தது. காட்டில் அலைந்து படிக்க நினைத்தவருக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஆசையை விட்டுவிட்டு அரசியலுக்கு வந்தார்.

ஒரே நாளில் இரண்டு சாவு

1884 பிப்ரவரி 14ஆம் தேதி அவர் வாழ்க்கையில் இடி விழுந்தது. தாயும் மனைவி ஆலிஸும் ஒரே வீட்டில் ஒரே நாளில் இறந்தனர். மகள் பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளையைச் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டு டகோட்டா வட்டாரத்துக்குப் போய் மாட்டுப் பண்ணை நடத்தினார். தந்தை விட்டுச்சென்ற சொத்தில் பெரும் பங்கை அதில் போட்டார். 1886 - 1887 குளிர்காலத்தில் பனி கொட்டியதில் மாடுகளில் பாதிக்கு மேல் மடிந்தன. போட்ட பணமும் போனது.

அந்தக் காலத்தில்தான் இன்னொன்றையும் கண்ணால் கண்டார். ஒரு காலத்தில் சமவெளி நிறைய மேய்ந்த காட்டெருமைகள் வேட்டையால் ஏறக்குறைய ஒழிந்துவிட்டிருந்தன. 1887இல் வேட்டைக்கார நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பூன் அண்டு கிராக்கெட் சங்கத்தைத் தொடங்கினார். வேட்டை விலங்குகளையும் அவை வாழும் காட்டையும் காப்பது அதன் நோக்கம்.

எடித் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். 1898இல் கியூபா போர், பிறகு நியூயார்க் ஆளுநர் பதவி, பிறகு துணை அதிபர் பதவி. 1901 செப்டம்பரில் அதிபர் மெக்கின்லி சுடப்பட்டு இறந்ததும் 42 வயதில் ரூஸ்வெல்ட் அதிபரானார்.

பதவியில் இருந்தபோது 5 தேசியப் பூங்காக்கள், 18 தேசிய நினைவிடங்கள், 51 பறவைக் காப்பிடங்கள் அமைந்தன. ஏறத்தாழ 23 கோடி ஏக்கர் நிலம் பாதுகாப்புக்குள் வந்தது.

நம் வீட்டுப் பிள்ளைகள் கட்டிப்பிடித்துத் தூங்கும் டெடி கரடி பொம்மைக்கும் அவர் பெயர்தான். 1902இல் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போனபோது, மரத்தில் கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்தார். அதைக் கேலிச்சித்திரக்காரர் ஒருவர் வரைய, பொம்மை வியாபாரி ஒருவர் கரடிப் பொம்மைக்கு அந்தப் பெயரை வைத்தார். கதையின் மறுபாதி பலருக்குத் தெரியாது. அடிபட்டுக் கிடந்த அந்தக் கரடியை வேதனை தீரக் கொன்றுவிடச் சொன்னவரும் அவர்தான்.

செலவு யாருடையது?

1904 தேர்தலில் வென்ற இரவே அடுத்த முறை போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும். ஊரிலேயே இருந்தால் அடுத்து வரும் அதிபர் டாப்டின் வேலையில் தலையிட்டதாகப் பேச்சு வரும். எட்டாத தூரத்துக்குப் போவதே நல்லது. சிறு வயதுக் கனவும் ஆப்பிரிக்காவைக் காட்டியது.

1908ஆம் ஆண்டின் முதல் பாதியிலேயே கடிதங்கள் பறந்தன. ஆப்பிரிக்க வேட்டையில் பழுத்த அனுபவம் கொண்ட ஆங்கிலேயர் ஃபிரெடரிக் செலூ, எட்வர்ட் பக்ஸ்டன், கிழக்கு ஆப்பிரிக்காவில் பண்ணை வைத்திருந்த சர் ஆல்ஃபிரட் பீஸ் ஆகியோரிடம் யோசனை கேட்டார். எந்த மாதம் எந்தப் பக்கம் போவது, எந்தத் துப்பாக்கி எந்த விலங்குக்குச் சரிவரும், தூக்க நோய் எங்கே பரவியிருக்கிறது, யாரை வழிகாட்டியாக வைப்பது என்று கேள்விமேல் கேள்வி.

அடுத்தது பணம். அன்று முன்னாள் அதிபர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. அதற்கான சட்டம் 1958இல்தான் வந்தது. பண்ணையில் இழந்ததையும் அவர் மறக்கவில்லை. அதனால் செலவை இரண்டாகப் பிரித்தார்.

தன் செலவும் மகன் கெர்மிட்டின் செலவும் தன்னுடையது. அதற்கு வழி எழுத்து. பயணத்தைப் பற்றிக் கட்டுரைகள் எழுதித் தர ஸ்கிரிப்னர் பதிப்பகத்தோடு 50,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். அதிபராக அவர் வாங்கிய ஓராண்டுச் சம்பளமும் அதே 50,000 டாலர்தான். அதைவிடக் கூடுதலாகத் தர வேறு இதழ்கள் முன்வந்தன. முன்னாள் அதிபர் ஒருவரின் பெயருக்குப் பொருத்தமான இடம் வேண்டும் என்று அவற்றை மறுத்தார்.

இன்னொரு பாதி அறிவியலின் செலவு. 1908 ஜூனில் ஸ்மித்சோனியன் நிலையத்தின் செயலாளர் சார்ல்ஸ் வால்காட்டுக்குக் கடிதம் எழுதினார். சுடும் விலங்குகளை வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளத் தனக்கு விருப்பமில்லை என்றும், வாஷிங்டனில் புதிதாக எழும்பும் தேசிய அருங்காட்சியகத்துக்கே அவற்றைக் கொடுப்பதாகவும், பாடம் செய்யத் தெரிந்தவர்களை உடன் அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அதற்கு அரசாங்கப் பணத்தைத் தொடவில்லை. தனியார் நன்கொடை திரட்டப்பட்டது. எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி கொடுத்தவர்களில் முக்கியமானவர். பயணத்தின் நடுவே பணம் பற்றாமல் போனபோது காட்டிலிருந்தே அவருக்குக் கடிதம் எழுதவும் ரூஸ்வெல்ட் தயங்கவில்லை.

இதனால் மூவர் குழுவில் சேர்ந்தனர்: ஓய்வுபெற்ற இராணுவ மருத்துவரும் பறவை அறிஞருமான எட்கர் மெர்ன்ஸ், விலங்கியலாளர்கள் எட்மண்ட் ஹெல்லர், ஆல்டன் லோரிங். படம் பிடிக்கும் வேலை கெர்மிட்டுக்கு. அவருக்கு வயது 19; ஹார்வர்டு படிப்பை இடையில் நிறுத்திவிட்டு அப்பாவோடு கிளம்பினார்.

ஒரு சுமை 60 பவுண்டு

அன்றைய சஃபாரிக் கணக்கின் அடிப்படை அளவு ஓர் ஆள் தலையில் தூக்கும் சுமை. ஒரு சுமை 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. எந்தப் பொருளானாலும் அந்த எடைக்குள் கட்ட வேண்டும். பொருள் கூடினால் ஆள் கூட வேண்டும். ஆள் கூடினால் சாப்பாடு கூட வேண்டும்.

நைரோபியில் நியூலண்ட் - டார்ல்டன் என்ற நிறுவனம் பயண ஏற்பாட்டைக் கவனித்தது. சுமைதூக்கி ஒருவருக்கு மாதச் சம்பளம் சுமார் 10 ரூபாய். ஆம், ரூபாய்தான். அன்று பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்காவில் புழங்கியது இந்திய ரூபாய். 15 ரூபாய் ஒரு பிரிட்டிஷ் பவுன். 200 பேருக்கு மாதம் 2,000 ரூபாய், அதாவது 133 பவுன்.

சம்பளத்தோடு முடியவில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை பவுண்டு மாவு கொடுப்பது வழக்கம். 200 பேருக்கு 300 பவுண்டு. அது மட்டுமே ஐந்து சுமை. கடையில்லாத காட்டில் 10 நாள் நடப்பதென்றால் மாவைத் தூக்க மட்டும் 50 பேர். அந்த 50 பேருக்கும் மாவு வேண்டும். இந்தக் கணக்கில் தவறியவர்கள் காட்டில் பட்டினி கிடந்தார்கள்.

வேட்டை உரிமம் 50 பவுன், ரூபாயில் 750. எந்த விலங்கில் எத்தனை என்பதும் அந்த உரிமத்திலேயே வரையறுக்கப்பட்டிருந்தது. யானைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால், உரிமத்துக்குக் கட்டும் பணம் ஒரு சுமைதூக்கியின் ஆறு ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். அருங்காட்சியகத்துக்காக என்பதால் ரூஸ்வெல்ட்டுக்குச் சிறப்பு அனுமதி கிடைத்தது.

மூட்டையில் மிகப் பெரியது உப்பு. தோலைக் கெடாமல் காக்க நான்கு டன் உப்பு போனது. அதை ஒரே நேரத்தில் தூக்குவதென்றால் 130 பேருக்கு மேல் வேண்டும். தகர டப்பாவில் அடைத்த அவரை, தக்காளி, பீச் பழம் ஆகியவை ஊர் ருசிக்காகச் சேர்ந்தன. குத்துச்சண்டைப் பயிற்சியில் பட்ட அடியால் ரூஸ்வெல்ட்டின் இடது கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. அதனால் மாற்றுக் கண்ணாடிகள் பல எடுத்துக்கொண்டார். மூன்று வகைத் துப்பாக்கிகள். அவற்றில் யானைக்கான இரட்டைக்குழல் துப்பாக்கி ஆங்கிலேய அன்பர்கள் சேர்ந்து பரிசளித்தது.

ஒரு சுமை புத்தகத்துக்கே ஒதுக்கப்பட்டது. வேர்வையும் இரத்தமும் மழையும் பட்டாலும் தாங்கும்படி ஏறத்தாழ 60 புத்தகங்கள் பன்றித்தோலில் கட்டப்பட்டன. சகோதரி கொரின் கொடுத்த பரிசு அது. அந்த ஒரு பெட்டியைத் தூக்கவே ஓர் ஆள் பயணம் முழுவதும் நடந்தார்.

நம்மவர் போட்ட தண்டவாளம்

இத்தாலியின் நேப்பிள்ஸில் கப்பல் மாறி, சூயஸ் கால்வாய் வழியாக 1909 ஏப்ரல் 21ஆம் தேதி மொம்பாசா சேர்ந்தனர். அங்கிருந்து உகாண்டா இரயில். எஞ்சினுக்கு முன்புறம் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு, இருபுறமும் மேய்ந்த வரிக்குதிரைகளையும் ஒட்டகச்சிவிங்கிகளையும் பார்த்தபடி போனார் ரூஸ்வெல்ட்.

அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். 1896 முதல் 1901 வரை ஏறத்தாழ 32,000 பேர். பெரும்பாலோர் பஞ்சாப் பக்கத்தவர். சுமார் 2,500 பேர் நோயிலும் விபத்திலும் மாண்டனர். 1898இல் சாவோ ஆற்றங்கரையில் இரண்டு சிங்கங்கள் கூடாரத்தில் தூங்கிய தொழிலாளர்களை இழுத்துப் போன கதையும் இதே பாதையில் நடந்ததுதான். மலாயாவில் தண்டவாளம் போட்டவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்த எண்களை வெறும் எண்களாகப் படிக்க முடிவதில்லை.

கபிட்டி சமவெளி நிலையத்தில் இறங்கியபோது கூடாரங்கள் வரிசையாக நின்றன. 200க்கும் மேற்பட்ட சுமைதூக்கிகள் காத்திருந்தனர். துப்பாக்கி ஏந்திய காவலர்கள், குதிரைக்காரர்கள், சமையல்காரர்கள், நம் தோட்டத்துக் கங்காணியைப் போல ஆள்களை மேய்க்கும் தலைவர்கள் என ஒரு சிறிய கிராமமே அங்கு இருந்தது. வழிகாட்டி ஆர். ஜே. கன்னிங்ஹாம் எல்லாவற்றையும் நடத்தினார்.

11 மாதம்

நைரோபியைச் சுற்றிய சமவெளி, சோடிக், நைவாஷா ஏரி, கென்யா மலை என்று குழு சுற்றியது. கென்யா மலைக் காட்டில் ரூஸ்வெல்ட் முதல் யானையை வீழ்த்திய அடுத்த நொடி, புதரிலிருந்து இன்னொரு யானை அவர்மீது பாய்ந்தது. அவர் துப்பாக்கியில் தோட்டா இல்லை. மரத்தின் பின்னால் ஒதுங்கினார். கன்னிங்ஹாம் சுட்டதால் யானை திரும்பியது. ஒரு மயிரிழையில் உயிர் தப்பினார்.

பகல் முழுதும் அலைந்தாலும் இரவில் கூடாரத்தில் உட்கார்ந்து கட்டுரை எழுதுவார். 50,000 டாலர் வாங்கிய கடன் அல்லவா? எழுதி முடித்ததும் ஓட்டக்காரர் அதை நைரோபிக்குக் கொண்டுபோவார்.

1910 தொடக்கத்தில் நைல் நதியின் மேற்குக் கரையில், அப்போது பெல்ஜிய ஆட்சியில் இருந்த லாடோ பகுதிக்கு வந்தனர். அங்கே வந்ததற்குக் காரணம் வெள்ளைக் காண்டாமிருகம். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் அந்த விலங்கு வேட்டையால் ஏறக்குறைய அழிந்துவிட்டதை ரூஸ்வெல்ட் அறிவார். வடக்கு வகையும் அழிவதற்குள் அருங்காட்சியகத்துக்கு மாதிரி வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்பாவும் மகனும் சேர்ந்து ஒன்பதைச் சுட்டனர்.

மார்ச் 14ஆம் தேதி சூடானின் கார்ட்டூம் நகரில் மனைவி எடித்தும் மகள் எத்தலும் அவர்களை வரவேற்றனர்.

முடிவில் வந்த கணக்கு

அப்பா சுட்டது 296, மகன் சுட்டது 216; மொத்தம் 512. அவற்றில் சிங்கம் 17, யானை 11, காண்டாமிருகம் 20. விலங்கியலாளர்கள் பிடித்த எலி, வௌவால், பறவை, பாம்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 11,400 மாதிரிகள் வாஷிங்டனுக்குப் போயின. பட்டியலிட்டு முடிக்கவே ஆண்டுகள் ஆயின. அவற்றை வைத்து இன்றும் ஆய்வு நடக்கிறது.

இத்தனை விலங்குகள் தேவைதானா என்று அன்றே கேட்டார்கள். அருங்காட்சியகத்துக்கும் முகாமின் சாப்பாட்டுக்கும் தேவையானதையே சுட்டதாக ரூஸ்வெல்ட் பதில் சொன்னார். அவர் அதை நம்பினார் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் சிங்கம் கண்ணில் பட்டபோது அவருக்கு வந்த உற்சாகம் அறிவியலுக்காக மட்டும் வந்ததல்ல என்பதை அவருடைய ஆப்பிரிக்கப் பயண நூலைப் படிப்பவர் எவரும் அறிவார்.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1912இல் மீண்டும் அதிபர் தேர்தலில் நின்றார்; பிரசாரத்தின்போது மார்பில் குண்டு பாய்ந்தும் பேசி முடித்துவிட்டே மருத்துவமனைக்குப் போனார்; தேர்தலில் தோற்றார். 1913 - 1914இல் கெர்மிட்டோடு பிரேசில் காட்டில் யாருக்கும் தெரியாத ஓர் ஆற்றில் பயணம் போனார். காலில் புண், கடும் காய்ச்சல். சாவின் வாசல் வரை போய்த் திரும்பினார். அதன் பிறகு உடம்பு பழையபடி தேறவில்லை. 1918 ஜூலையில் கடைசி மகன் குவென்டின் பிரான்சில் விமானப் போரில் மாண்டார். ஆறு மாதத்தில், 1919 ஜனவரி 6ஆம் தேதி, தூக்கத்திலேயே ரூஸ்வெல்ட்டும் இறந்தார். வயது 60.

அவருடைய பயணத்துக்குப் பிறகு செல்வந்தர்கள் நைரோபிக்குப் படையெடுத்தனர். பயணம் என்று பொருள்படும் சுவாஹிலிச் சொல்லான சஃபாரி உலகமெங்கும் பரவியது. 1977இல் கென்யா வேட்டையை முற்றாகத் தடை செய்தது. இன்று அங்கே போகிறவர்கள் கேமராவோடு போகிறார்கள்.

வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தில் கடைசி ஆண் 2018 மார்ச் 19ஆம் தேதி கென்யாவில் இறந்தது. அதன் பெயர் சூடான். அதற்குப் பிறகு எஞ்சியவை இரண்டு பெண் விலங்குகள் மட்டுமே. அந்த இனத்தை அழித்தது ரூஸ்வெல்ட் சுட்ட ஒன்பது அல்ல. பிற்காலத்தில் கொம்புக்காக நடந்த திருட்டு வேட்டையும் உள்நாட்டுப் போர்களும்தான். ஆனால் அழியப் போகிறது என்று தெரிந்த ஒன்றைக் காப்பாற்றுவதா, மாதிரிக்கு எடுத்து வைப்பதா என்ற கேள்வி வந்தபோது, 23 கோடி ஏக்கரைக் காத்த அதே மனிதர் துப்பாக்கியைத்தான் எடுத்தார்.

டாலர், ரூபாய், பவுண்டு, உப்பு, மாவு எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. அரசாங்கப் பணத்தில் ஒரு காசும் எடுக்காமல் உழைத்துச் செலவு செய்தார். அந்த நேர்மையை யாரும் மறுக்க முடியாது. காட்டுக்கு ஆன செலவை மட்டும் எந்த ஏட்டிலும் அவர் எழுதவில்லை. அதை எழுத வேண்டிய வேலை பின்னால் வந்தவர்களிடம் விடப்பட்டது.